வாங்கியவர் போடும் வைக்கோல்

கே.கே. நகரில் எங்கள் தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் வைக்கோல் விற்கிறார்கள். பாலித்தீன் உறையில் அடைத்து, மேலே வெள்ளி நட்சத்திரம் ஒட்டி, ஹேர்பேண்டுக்கும் பொட்டு அட்டைக்கும் நடுவே கொக்கியில் தொங்கவிட்டிருக்கிறார்கள். கிறிஸ்மஸ் குடிலில் பரப்பவாம். நான் போனது ஊக்கு வாங்க. வந்த வேலையை விட்டுவிட்டு, ஓரம் கிழிந்திருந்த ஓர் உறையை எடுத்து மூக்கருகே வைத்து முகர்ந்து பார்த்தேன். வாசனையே இல்லை. காகிதத்தை வைக்கோல் நிறத்தில் நறுக்கி அடைத்திருக்கிறார்கள். "வேணுமாக்கா?" என்றாள் கடைப்பெண். "இல்லம்மா, சும்மா மோந்து பாத்தேன்" என்றேன். தொழுவத்துப் பசுவைப் பார்ப்பதுபோல ஒரு பார்வை பார்த்தாள். நியாயம்தான்.

நிஜ வைக்கோல் வாசனையை உங்களுக்கு எப்படிச் சொல்வது? வெயிலும் புழுதியும் கலந்த வாசனை. கிட்டப் போனால் தும்மல் வரும், கழுத்தில் அரிக்கும். நான் மேற்கே செல்லம்பட்டிப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் வைக்கோலை அடுக்கிய படப்பு இருந்தது. அதில் ஏறிச் சறுக்கி, உடம்பெல்லாம் அரிப்போடு வந்து அம்மாவிடம் அடி வாங்கியதெல்லாம் உண்டு. ஆனால் வைக்கோல் என்றதும் மனதில் வந்து நிற்பது அந்தப் படப்பு இல்லை. ஒரு சின்னப் பள்ளிக்கூடமும், அவித்த முட்டையைப் பிட்டு நீட்டிய ஒரு குழந்தையின் கையும்தான். அந்த டிசம்பரில் அந்தக் கை நீண்டது. தை மாதம் நீளவில்லை. அந்த ஒன்றைச் சொல்லத்தான் இவ்வளவு வைக்கோலையும் உதறிக்கொண்டிருக்கிறேன்.

ஆனையூரைத் தாண்டி வடக்கே போனால் அப்போது பாதி வயல், பாதி பிளாட்டுக் கல் ஊன்றிய பொட்டல். அங்கே ஒரு வாடகை வீட்டில் பிலோமினா மிஸ் நர்சரிப் பள்ளி நடத்திவந்தார். கன்னியாஸ்திரிகள் நடத்திய பெரிய பள்ளியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கத் தெரியாத ஆள். எனக்கு அதுதான் முதல் வேலை, யு.கே.ஜி. மிஸ். புதிதில், பிள்ளைகள் அழுதால் நானும் சேர்ந்து அழுதுவிடுவேன். பிலோமினா மிஸ் வாசலில் வந்து நின்று, "மொதல்ல யாரத் தூக்கட்டும்?" என்பார். போகப் போக எனக்கும் டீச்சர் குரல் பழகிவிட்டது. பழகிய குரல் இன்றுவரை போகவில்லை. போன வாரம் மாட்டுத்தாவணி பஸ்ஸில் டிக்கெட் கொடுத்த கண்டக்டரிடம் "வெரி குட்" என்று சொல்லிவிட்டேன். மனிதர் திண்டுக்கல் ரோடு வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

பள்ளிக்கு இரண்டு திசையிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். கண்மாய்க்கு இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காலனி. ஊரில் இருந்தவர்கள் நிலம் வைத்திருந்த குடும்பங்கள். காலனியில் இருந்தவர்களின் அப்பா அம்மாக்கள் அதே நிலங்களில் கூலிக்கு நாற்று நட்டவர்கள். இவர்கள் தலைமுறையில் நர்ஸ், வயர்மேன், போலீஸ் என்று வேலைக்குப் போக ஆரம்பித்திருந்தார்கள். இரண்டு பக்கமும் சிரித்துப் பேசிக்கொள்ளும், ஒரே பஸ்ஸில் போகும். ஆனால் ஊர்க்காரர்கள் காலனி வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். எங்கள் ஊரிலும் இதே ஒழுங்குதான். இதற்கு ஒழுங்கு என்று பெயர் வைத்தார்கள் பாருங்கள், அதுதான் எங்கள் ஆட்களின் கெட்டிக்காரத்தனம்.

ஐந்து வயதுக்கு இந்த ஒழுங்கு தெரியாது. மதியம் டிபன் பாக்ஸைத் திறந்தால் யார் கை யார் டப்பாவில் இருக்கிறது என்று பிரித்துச் சொல்ல முடியாது. நாங்கள் கண்டும் காணாமலும் இருந்தோம். பெற்றவர்களும் கேட்கவில்லை. அவர்கள் கேட்காதவரை நாங்கள் சொல்ல வேண்டியதில்லை, நாங்கள் சொல்லாதவரை அவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இப்படி ஒரு ஏற்பாட்டில்தான் அந்தப் பள்ளிக்கூடம் ஓடிக்கொண்டிருந்தது. அது எவ்வளவு மெல்லிய நூல் என்று எனக்குத் தெரியாது. பிலோமினா மிஸ்ஸுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். தெரிந்தும் மிஸ் நம்பினார்.

டிசம்பர் பிறந்தால் வராந்தா மூலையில் தென்னங்கீற்றில் ஒரு குடில் எழும்பும். களிமண்ணில் பிள்ளைகள் செய்த ஆடு மாடுகள் நிற்கும். எது ஆடு எது மாடு என்று செய்தவர்களே சண்டை போடுவார்கள். நடுவில் ஒரு சின்ன மரத்தொட்டி, காலியாக. குழந்தை யேசு லீவுக்கு முந்தின நாள்தான் வருவார். அதற்குள் அந்தத் தொட்டியில் வைக்கோல் நிரம்ப வேண்டும். யாராவது யாருக்காவது நல்லது செய்தால் ஒரு வைக்கோல். "பாப்பாவுக்கு முதுகு குத்தக் கூடாதுல்ல? மெத்துன்னு இருக்கணும்ல?" என்பார் பிலோமினா மிஸ். ஒருத்தி எழுந்து, "எங்கம்மா சேலையில தொட்டில் கட்டிருவோமா மிஸ்?" என்றாள். "கட்டலாம்டி தங்கம், இந்தக் கூரை தாங்காதே" என்று மிஸ் அவளை இழுத்து அணைத்துக்கொண்டார்.

முதல் வருஷம், நல்லது செய்தவரே வைக்கோல் போடலாம் என்று வைத்தோம். நல்லது செய்கிறேன் பேர்வழி என்று பிள்ளைகள் பண்ணிய அட்டகாசத்தைக் கேட்காதீர்கள். ஒருவன் ஒரு பெண்ணைப் பிடித்துக் கீழே தள்ளினான். பிறகு அவனே தூக்கிவிட்டு, மண்ணைத் தட்டிவிட்டு, நேராகப் போய் ஒரு வைக்கோலைப் போட்டான். மூக்கு ஒழுகாதவனைப் பிடித்து நாலு பேர் மூக்குத் துடைத்தார்கள். தண்ணீர் வேண்டாம் வேண்டாம் என்று கத்தியவள் வாயில் ஒருத்தி தண்ணீரை ஊற்றினாள். நானும் பிலோமினா மிஸ்ஸும் ஆபீஸ் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தோம். பெரியவர்கள் தர்மம் பண்ணும் லட்சணத்தைத்தானே பிள்ளைகள் பண்ணின என்று இப்போது தோன்றுகிறது.

அடுத்த வருஷம் பிலோமினா மிஸ் சட்டத்தை மாற்றினார். "செஞ்சவுங்க போடக் கூடாது. யாருக்குக் கெடச்சிச்சோ அவுங்கதான் போடணும். போடும்போது யாரு குடுத்தாங்கன்னு பேரச் சொல்லணும்." இதைவிட நல்ல பாடம் ஒன்றை நான் எந்தப் பயிற்சியிலும் படித்ததில்லை. அந்தப் பாடம்தான் எங்களைக் கவிழ்த்தது.

அந்தச் சட்டத்தைச் சொன்ன மறுநாள் காலையில் பள்ளி வாசலில் ஒரு டிவிஎஸ் ஃபிப்டி வந்து நின்றது. வண்டி தெரியவில்லை, வைக்கோல்தான் தெரிந்தது. உள்ளேயிருந்து ஊர்க்கார ராமர் அண்ணன் இறங்கினார். என் வகுப்பு மகேசுவின் அப்பா. "யேசு சாமிக்குப் படுக்க வைக்கோல் இல்லேன்னு பய சோறு திங்க மாட்டேங்குறான் மிஸ். இம்புட்டுப் போதுமா, இன்னொரு கட்டு கொண்டாரவா?" என்றார். ஒரு கட்டு வைக்கோலில் குடிலையே மூடிவிடலாம். வராந்தா முழுக்கத் தும்மல். பிலோமினா மிஸ்ஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இதை ஏன் விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், ராமர் அண்ணன் கெட்டவர் இல்லை. மழைக்குப் பள்ளிக்குள் தண்ணீர் புகுந்தபோது, கூப்பிடாமலே மண்வெட்டியோடு வந்து வாய்க்கால் வெட்டிவிட்டவர். கொடுப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. வாங்குவதில்தான் எல்லாம் இருந்தது.

அவர் மனைவி இரண்டாவது பிரசவத்துக்கு டி. கல்லுப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தார். வீட்டில் அப்பாவும் பிள்ளையும்தான். ராமர் அண்ணனுக்கு வயல் தெரியும், அடுப்பு தெரியாது. மகேசுவின் டிபன் டப்பாவில் ஒரு பன் இருக்கும். சில நாள் அதுவும் டீயில் நனைத்து மீதி வைத்ததாக இருக்கும்.

பக்கத்தில் உட்காருபவள் காலனிப் பவித்ரா. அவள் அம்மா ஜோதியக்கா கே.கே. நகர் கிளினிக் ஒன்றில் நர்ஸ். விடியுமுன்னே சமைத்து வைத்துவிட்டு முதல் பஸ் பிடிப்பார். பவித்ராவின் டப்பாவில் தயிர்ச் சாதமும் உருளைக்கிழங்கும் இருக்கும், பல நாள் அவித்த முட்டை இருக்கும். மகேசுவின் பன்னைப் பார்த்த முதல் நாளே அவள் தன் டப்பாவை இரண்டு பேருக்கும் நடுவில் நகர்த்தி வைத்தாள். யாரும் சொல்லவில்லை. அவளுக்கு வைக்கோலும் கிடையாது, கொடுத்தவர் போட முடியாதே. முட்டையைப் பிட்டு, "மஞ்ச ஒனக்கு, வெள்ள எனக்கு" என்று நீட்டுவாள். மஞ்சள்தான் ருசி என்று அவளுக்கும் தெரியும். வெள்ளையைத் தின்றுகொண்டே அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருப்பாள். சாப்பிட்டு முடித்ததும் மகேசு கை கழுவி, கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, குடிலுக்குப் போய் ஒரு வைக்கோலை எடுத்துப் போடுவான். "பவித்ரா சோறு குடுத்தா." தினமும் அதே வாக்கியம். தினமும் புதிதாகச் சொல்வதுபோலச் சொல்வான்.

லீவுக்கு முந்தின நாள் முற்றத்தில் சாமியானா போட்டு விழா வைத்தோம். காகித நட்சத்திரங்கள், வாடகை மைக், ஒரு பெரிய கேக். இரண்டு பக்கத்துப் பெற்றோரும் வந்திருந்தார்கள். ஒவ்வொரு பிள்ளையாக மைக் முன்னால் வந்து, எதற்காக வைக்கோல் போட்டேன் என்று ஒன்று சொல்ல வேண்டும். "ரித்திகா எனக்கு ரப்பர் குடுத்தா." "ஆயாம்மா எனக்குச் செருப்பு மாட்டி விட்டாங்க." "மிஸ் என்னைய அடிக்கல." முற்றமே சிரித்தது. என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

மகேசு வந்தான். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். "பவித்ரா எனக்கு டெய்லி சோறு குடுத்தா. முட்டையில மஞ்ச குடுத்தா. அவ டப்பால ஒரே ஸ்பூன்ல சாப்ட்டோம். எங்கம்மா தம்பிப் பாப்பாவத் தூக்கிட்டு வந்ததும் பவித்ராவ எங்க வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிச் சோறு போடுவேன்" என்றான்.

அவ்வளவு நீளமாக அவன் பேசி நான் கேட்டதில்லை. பிலோமினா மிஸ் கை தட்டினார், நானும் தட்டினேன். காலனிப் பக்கம் உட்கார்ந்திருந்தவர்களில் இரண்டு மூன்று பேர் தட்டினார்கள், பிறகு சுற்றிப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். ஊர்ப் பக்கமிருந்து சத்தமே இல்லை. யாரோ, "எந்தப் பவித்ரா?" என்று கேட்டார்கள். பவித்ராவே எழுந்து கையைத் தூக்கினாள். வருகைப் பதிவுக்குத் தூக்குவதுபோல, பல் தெரியச் சிரித்துக்கொண்டு. ஜோதியக்கா அவளைப் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்.

ராமர் அண்ணன் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். முன்னால் வந்து மகனின் கையைப் பிடித்தார். "வாடா போவோம்." "அப்பா, கேக்கு?" என்றான் அவன். "வாங்கித் தாரேன், வா." வாசலில் பிலோமினா மிஸ் மறித்து நின்றார்.

"ஒங்க மேல எனக்கு மரியாத இருக்கு மிஸ். ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"என்ன சொல்லணும் ராமரு? பிள்ள பசியா இருந்தான், இன்னொரு பிள்ள குடுத்துச்சு."

"எனக்குப் புரியுது மிஸ். ஊருக்கு யாரு புரிய வைக்கிறது? மைக்குல சொல்லிட்டானே. நாளைக்கு ஒரு நல்லது கெட்டதுக்கு எவனும் எனக்கு வெத்தல பாக்கு வைக்க மாட்டாய்ங்க."

பிலோமினா மிஸ் வழிவிட்டு ஒதுங்கினார்.

மகேசுவை வீட்டில் அடிக்கவில்லை என்று பிறகு தெரிந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளை வந்து சொன்னான். "மகேசுக்குத் தலைக்கு ஊத்திவிட்டாங்க மிஸ். வாயக் கொப்புளிக்கச் சொன்னாங்க." அடித்திருந்தால் மறுநாள் வலி போயிருக்கும். இது என்ன என்று அந்தப் பிள்ளைக்கு எப்படிப் புரிந்திருக்கும்?

லீவு முடிந்து பள்ளி திறந்தபோது மகேசு வரவில்லை. மஞ்சள் வேன் ஒன்று வந்து அவனை வேறு பெரிய பள்ளிக்கு ஏற்றிக்கொண்டு போனது. ஊரிலிருந்து நாலு பெரிய மனிதர்கள் வந்தார்கள். பிலோமினா மிஸ்ஸைக் குறை சொல்லவே இல்லை, மிக மரியாதையாகப் பேசினார்கள். "பாடமெல்லாம் ஒண்ணா நடத்துங்க டீச்சர். சாப்பாட்டு நேரம் மட்டும் அந்தப் பிள்ளைகள அந்த ரூம்புல உக்கார வைங்க. அம்புட்டுத்தான்." பிலோமினா மிஸ், "அதுக்கு நான் கடையை மூடிட்டுப் போயிருவேன்" என்றார். அவர்களும் அதைத்தான் செய்ய வைத்தார்கள். வேன் தினமும் வந்தது. ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவராக அதில் ஏறினார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது பள்ளிக்கூடத்தைப் பற்றி இல்லை. பள்ளிக்கூடங்கள் வரும், போகும். தை மாதம் ஒரு மதியம் பவித்ரா சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டாள். டப்பாவின் மூடியைத் தூக்கி ஒரு கையால் மறைத்துக்கொண்டு, அவசர அவசரமாக. பக்கத்தில் அவள் காலனித் தோழிதான் இருந்தாள். ஏதோ கேட்டாள். பவித்ரா தலையாட்டி மறுத்துவிட்டு மூடியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள். நான் போய்க் குனிந்து, "என்னடா தங்கம்?" என்றேன். "குடுத்தா சண்ட வரும் மிஸ். அம்மா சொல்லிருச்சு, யாருக்கும் குடுக்கக் கூடாதுன்னு" என்றாள். வாய் நிறையச் சோறு.

சாயங்காலம் ஜோதியக்கா கூப்பிட வந்தபோது, நான் கேட்காமலே சொன்னார். "நான் அவளத் திட்டல மிஸ். நீ தப்பு பண்ணலன்னுதான் சொன்னேன். ஆனா யாரு எந்தப் பக்கம்னு அவளுக்குப் பிரிச்சுச் சொல்லிக்குடுக்க என்னால முடியல. அத எப்பிடி மிஸ் ஒரு பிள்ளைகிட்ட அதோட அம்மாவே சொல்லுவா? அதான் யாருக்குமே குடுக்காதேன்னு சொல்லிட்டேன். அது சொல்றதுக்குச் சுளுவா இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டு பிள்ளையின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு போனார்.

அந்த வருஷ டிசம்பரிலும் குடில் வைத்தோம். பெரும்பாலும் காலனிப் பிள்ளைகள்தான் மிச்சம். பிலோமினா மிஸ் அதே சட்டத்தைச் சொன்னார். யாரும் வந்து வைக்கோல் போடவில்லை. பேரைச் சொல்ல வேண்டுமே. வீட்டில் எல்லாருக்கும் பாடம் நடந்திருந்தது. "யாருமே ஒனக்கு ஒண்ணும் குடுக்கலயாடா?" என்று கேட்டால், "இல்ல மிஸ்" என்பார்கள், கையில் யாரோ கொடுத்த பென்சிலை வைத்துக்கொண்டே. கடைசியில் மிஸ்ஸே ஒரு கை வைக்கோலை அள்ளிப் போட்டுக் குழந்தை யேசுவைப் படுக்க வைத்தார். அடுத்த கோடையில் வீட்டுக்காரரிடம் சாவியைக் கொடுத்துவிட்டோம்.

போன வருஷம் கே.கே. நகரில் ஒரு கிளினிக்கில் டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். "நம்ம யு.கே.ஜி. மிஸ்ல?" என்று ஒரு குரல். ராமர் அண்ணன், தலை முழுக்க வெள்ளை. நிலமெல்லாம் பிளாட்டாகப் போய்விட்டதாம். முழங்கால் வலியாம். மகேசு ஓசூரில் கம்பெனியில் இருக்கிறானாம், பெண் பார்க்கிறார்களாம். நான் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லியும், நொண்டிக்கொண்டே போய் எனக்கு டீ வாங்கி வந்தார். கை சுடும் என்று தன் துண்டை மடித்துக் கப்புக்கு அடியில் வைத்துக் கொடுத்தார். பிலோமினா மிஸ் காலமாகிவிட்டதைச் சொன்னேன். உச்சுக் கொட்டினார். கண்ணில் நிஜமாகவே நீர் வந்தது.

"நல்ல பள்ளிக்கூடம் மிஸ் அது. மகேசு அங்கதான் எழுதப் படிக்கப் பழகுனான். அம்புட்டு நல்லா நடத்துனாக. ஏன் மிஸ் மூடிட்டாங்க?"

விளையாடுகிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவருக்கு நிஜமாகவே ஞாபகம் இல்லை.

"பிள்ளைங்க வரல அண்ணே" என்றேன்.

"அடப் பாவமே" என்றார். "மகேசுவ நாங்க ஏன் மாத்துனோம்? வேன் வசதிக்காகத்தான் இருக்கும். அவனுக்கும் ஒண்ணும் ஞாபகம் இருக்காது மிஸ், பச்சப் பிள்ள அப்ப."

கோபப்படலாம் என்றால் அதற்குக்கூட எதிரில் ஆள் இல்லை. அந்த வீடு இப்போது இல்லை, அந்த இடத்தில் நாலு மாடி நிற்கிறது. வயல் இல்லை, கண்மாயும் பாதிதான் இருக்கிறது. பிலோமினா மிஸ் இல்லை. மிச்சம் மீதி இருந்ததையும் ராமர் அண்ணன் அந்த டீக் கப்போடு சேர்த்துக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டு, டோக்கன் நம்பர் கூப்பிட்டதும் எழுந்து போனார். பவித்ரா எங்கே இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. அவளும் மறந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறேன். மறந்திருக்க மாட்டாள்.